இருபதுக்கு இரண்டு குறைவு

1934, மே 14, திங்கட்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்குச் சித்தப்பா குளத்திலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். அடையாற்றில் எங்கள் வீட்டுக் கிணறு அந்தக் கோடையில் உப்புக் கரித்தது. தோட்டத்துக் கோடியிலிருந்த குளம்தான் கதி. துணியில் வடிகட்டி அடுப்பில் ஏற்றினால், கொதி வந்ததிலிருந்து இருபது நிமிடம். கடிகாரம் பார்ப்பது எட்டு வயதான என் வேலை. ஆறியதும் சித்தப்பா ஒரு டம்ளர் குடித்துக் காட்டுவார், பிறகுதான் மற்றவர்களுக்கு. கோவில் தீர்த்தத்தில் இல்லாத பக்தி அவருக்குக் காய்ச்சிய தண்ணீரில்.

அந்த வாரம் குளத்தின்மேல் பச்சைச் சாயம் கொட்டியதுபோல் பாசி ஏடு கட்டியிருந்தது. வடிகட்டிய துணியில் மண் வாடை அடித்தது.

பதினெட்டாவது நிமிடத்தில் பக்கத்து வீட்டுப் பெண் பாண்டியாடக் கூப்பிட்டாள். “ஆயிடுத்து” என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

எட்டு மணிக்குச் சித்தப்பா தம் டம்ளரைக் குடித்து முடித்தார். அம்மா கைக்குழந்தையான தங்கைக்கு வைத்திருந்த பாலில் அந்தத் தண்ணீரைக் கலந்துகொண்டிருந்தாள். வாசலில் வந்து கறந்து கொடுக்கும் பால்காரர் அன்று கன்றில்லாமல் மாட்டை ஓட்டி வந்தார்.

“கன்னுக்குட்டி செத்துப் பூட்ச்சு சாமி. நேத்து உங்க கொளத்துலதான் வாய வச்சுது. அந்தத் தண்ணியத் தொடாதீங்க.”

“அது அப்படியே குடிச்சுது. நாங்க காய்ச்சின்னா குடிக்கறோம்!” என்றார் சித்தப்பா.

“அரளி வெதையக் கொதிக்க வச்சுக் குடுத்தா குடிப்பியா நைனா? வெசம் இன்னா பூச்சியா, வெந்து சாவ?”

அம்மா பாலைத் தரையில் கொட்டினாள். சித்தப்பா சிரித்தார். பகல் பன்னிரண்டுக்குள் வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்தார்.

மாலையில் சற்றுத் தெளிந்ததும் என்னைக் கூப்பிட்டார். “கடிகாரத்தைச் சரியாத்தானே பாத்தே?”

தலையாட்டினேன்.

“அப்போ குழந்தைமேல தப்பில்லே,” என்று வீட்டாரிடம் எனக்காகப் பரிந்து பேசினார். அந்தப் பரிவுதான் சுட்டது. அவரைக் கொல்லப் பார்த்தது என் இரண்டு நிமிடம் என்றே வெகுகாலம் நம்பினேன். கொதியில் கிருமி சாகும், பாசியின் நஞ்சு சாகாது. இருநூறு நிமிடம் காய்ச்சியிருந்தாலும் அது நஞ்சாகவேதான் இருந்திருக்கும். பால்காரர் சொன்னது அதைத்தான். கேட்டேன், புரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் பால்காரர் தம் தெருக் கிணற்றிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் முதல் வேலையாக அதை அடுப்பில் ஏற்றச்சொல்லி, கடிகாரத்தின் கீழேயே நின்று, இருபத்திரண்டு நிமிடம் கொதிக்கவிட்டேன்.