பங்குனி உத்திரத்து மறுநாள் நாடகம்

எங்கள் அப்பா காலத்து நாவல் அது. அதை நாடகமாக்கும் துணிச்சல் எனக்கு எப்படி வந்ததோ! கப்பல் பயணத்தை வெட்டினேன், ரங்கூனை வெட்டினேன், இரண்டு மாமியார்களை ஒருத்தியாக்கினேன். கணவன் ஓடிவந்து சேரும் நேரத்தில் கதாநாயகி உயிர்விடும் கடைசிக் காட்சியில் மட்டும் கை வைக்கவில்லை. ஊரே அதற்காகத்தான் நாவலைப் படித்தது.

கதாநாயகி வேஷம் எதிர்வீட்டு நெசவாளிக்கு. அதுவரை தோழி, வேலைக்காரி என்று தண்ணீர்ச் செம்பு தூக்கியே அலுத்தவர். தறியில் உட்கார்ந்தபடியே சாகப் பழகினார். தறியில் நீட்டிய பாவு நூலின் மேல் சாய்ந்து கண் செருகும்போதெல்லாம் அவர் மனைவி கத்துவார்: “செத்தது போதும், எழுந்திரு! இழை அறுந்தா யாரு முடி போடறது?” ஒத்திகையில் அவர் செத்ததைப் பார்த்து, எழுதிய நானே மூக்கைச் சிந்தினேன். அவ்வளவு அழகான சாவு.

கூட்டம் வரும் என்று ஏகாம்பரநாதர் கல்யாணத்துக்கு மறுநாளைத் தேர்ந்தெடுத்தோம். புத்தி எங்கே போயிற்றோ! சுவாமியோடு அதே முகூர்த்தத்தில் தாலி கட்டிக்கொண்ட ஜோடிகள் மாலையும் கழுத்துமாக முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். விழாக் கமிட்டித் தலைவர் மேடைக்குப் பின்னால் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

“புதுசா தாலி கட்டிக்கினு வந்து குந்திக்கினு இருக்குதுங்க. அதுங்க எதிர்ல பொம்பள சாவறதா? நல்லாவா இருக்குது?”

“கதையே அதாங்க.”

“கதைதானே? மாத்துபா.”

மாற்றினேன். திரை இழுக்கும் ஆளுக்குக் கோட்டு மாட்டி டாக்டராக்கி அனுப்பினேன். அவர் நாடி பிடித்தார், கதாநாயகி எழுந்து உட்கார்ந்தாள், பந்தல் அதிரக் கைதட்டல். கைதட்டல் அடங்கும் முன்பே நெசவாளி அரிதாரத்தைக் கழுவிக்கொண்டு போனார்.

சில வருஷம் கழித்து அதே நாவல் சினிமாவாக வந்தது. “அவ எப்டி சாவறான்னு பாக்கணும்பா” என்று நெசவாளி முதல் நாளே என்னை இழுத்துக்கொண்டு போனார். கடைசிக் காட்சி வந்ததும் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். படத்தில் காரில் ஒரு டாக்டர் வந்தார், ஊசி போட்டார். கதாநாயகி கண் திறந்து, ஒரு டூயட்டும் பாடினாள்.

விளக்குப் போட்டதும் திரும்பிப் பார்த்தேன். கன்னமெல்லாம் கண்ணீர்.

“பாவிங்க,” என்றார், “அவளயும் சாவ வுடலயேபா.”