ஆறாவது கேள்வி

எங்கள் பத்திரிகையில் பிழை திருத்துவது என் வேலை. ஓர் ஒற்று விட்டுப்போனாலும் எனக்குச் சோறு இறங்காது. புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண் பிழையில்லாமல்தான் எழுதினாள். ஆனால் யாரைப் பேட்டி காணப் போனாலும் பத்துக் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போய், வரிசை மாறாமல் கேட்டுவிட்டு வருவாள். கடையை மூடி ஒரு வருடம் ஆகிறது என்று சொன்னவரிடமே, "வியாபாரம் எப்படிப் போகுது?" என்று கேட்டிருக்கிறாள். தாளில் இருந்ததாம். 'பட்டியல்' என்று அவளுக்குப் பெயர் வைத்தது நான்தான்.

இரண்டாவது மாதம் ஒரு தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்தது. காயம்பட்ட ஆபரேட்டரின் மனைவியைப் பார்க்க இவளை அனுப்பினார்கள். அந்த அக்கா ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப, கணவரின் சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். கையில் மட்டும் காயம் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். பட்டியல் போனை மேசைமேல் வைத்துப் பதிவு செய்தாள்.

"ஒரு தலையணை பத்தாதும்மா அவருக்கு. இந்நேரம் நர்ஸோட சண்டை போட்டுட்டு இருப்பார், பாரேன்" என்று அக்கா சிரித்தார்.

ஐந்து கேள்வி முடிந்தபோது போனில் அலுவலகத்துச் செய்தி வந்தது. ஆபரேட்டர் இறந்துவிட்டார். இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாளைப் பார்த்தாள். ஆறாவது கேள்வி, 'உங்கள் கணவர் எப்படிப்பட்டவர்?' எழுதியது சரிதான். வாய்தான் தவறிவிட்டது.

"அவர் எப்படிப்பட்டவரா இருந்தாருக்கா?"

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "இருந்தாரா?"

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம். இவள் சொல்லை அள்ளப் பார்த்தாள். "இல்லக்கா, இருக்கார். வாய் தவறிடுச்சு. நீங்க கிளம்புங்க."

அக்கா நம்பினார். பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அன்று மாலையே பட்டியல் அந்தப் பதிவை அழித்துவிட்டாள். பேட்டி கிடைக்கவில்லை என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அப்புறம் அவள் தாள் கொண்டுபோகவே இல்லை. "உங்களுக்கு என்ன தெரியும், சொல்லுங்க" என்றுதான் யாரிடமும் ஆரம்பித்தாள். பேட்டிகள் பிரமாதமாக வந்தன. ஆனால் கட்டுரையில் எங்கே 'இருந்தார்' வந்தாலும் என் மேசைக்கு வந்து நிற்பாள். "இது நிச்சயமா, சார்? வீட்டுல சொல்லிட்டாங்களா?" வாசலில் யாராவது பையோடு வந்தால் எழுந்து நின்றுவிடுவாள்.

ஒரு மாதம் கழித்து அந்த அக்காவே வந்தார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நானும் நினைத்தேன்.

"மன்னிச்சிடுங்கக்கா. பொய் சொல்லிட்டேன்" என்றாள் பட்டியல்.

"அதை விடும்மா. அன்னைக்கு அவரைப் பத்திச் சிரிச்சுப் பேசினேன்ல, உன் போன்ல பதிஞ்சிருக்குமே, அதைக் கொஞ்சம் போட்டுக் காட்டேன். அதுக்கப்புறம் நான் சிரிக்கவே இல்ல."

"அழிச்சிட்டேன்க்கா."

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"சரி. நீ எதிர்லதானே உக்காந்திருந்தே. எப்படிச் சிரிச்சேன், நீயே சொல்லு."

பட்டியல் அந்தச் சிரிப்பை நினைவுபடுத்திப் பார்த்தாள். எவ்வளவு யோசித்தாலும் 'இருந்தாரா?' என்று கேட்ட குரல் மட்டும்தான் காதில் கேட்டது என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். அதை எப்படி அவரிடம் சொல்வது? அக்கா பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.