பிள்ளையிடம் மறைத்த சாரல்

மகன் பட்டாளத்தில் சேர்ந்ததிலிருந்து போர்ப் படமாகப் பார்த்துத் தள்ளுகிறேன். எந்த மொழியானாலும் சரி. அதில் நான் கற்ற பாடம் ஒன்றுதான்: வெயில் அடிக்கிறவரை ஆள் பிழைப்பான். படம் மெல்ல வெளுத்து, சாம்பல் நிறமாகி, தூறல் போட்டு, ஒருத்தன் "எங்க ஊர்ல இப்ப மழை பெய்யும்" என்று ஏக்கமாகச் சொன்னான் என்றால், அடுத்த காட்சியில் அவனுக்கு வேலை இல்லை.

தென்காசியில் இருந்துகொண்டு இதைக் கற்றிருக்கக் கூடாது. ஆனி பிறந்தால் இங்கே வானமே சாம்பல்தான். ஊரே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்தருவிக்குக் கிளம்பும். நான் சன்னலைச் சாத்துவேன். வெளியூரில் இருக்கிற நம்ம ஆட்கள் போன் போட்டால், சாப்பாட்டுக்கு முன்னால் சாரலைத்தான் விசாரிப்பார்கள். எல்லைப்பக்கம் இருந்த மகனும் கேட்டான்.

"எப்பா, சாரல் விழுதா?"

"எங்கலே விழுது! வெயில் மண்டையப் பொளக்குது. அருவியில பாறைதான் தெரியுது."

சொல்லும்போது என் சட்டை நனைந்திருந்தது. அடுத்தடுத்த போனிலும் அதே கேள்வி, அதே வெயில். பொய் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. தகரத்தில் தூறல் சத்தம் கேட்டாலே வயிறு கலக்கும். என் பங்குப் போரைப் பெரும்பாலும் கக்கூஸில்தான் நடத்தினேன்.

நேற்று வீடியோவில் வந்தான். பின்னால் பனிமூட்டம், சாம்பல் மலை. அவன் கேட்கும் முன்பே, "இங்க ஒரே வெயிலு..." என்று ஆரம்பித்தேன். ஈரத்துணியோடு வந்த என் மனைவி போனைப் பிடுங்கினாள்.

"எய்யா, உங்கப்பா சொல்லுதத நம்பாத. போட்ட துணி ஒண்ணும் காயல, வீடெல்லாம் நாத்தம்." என் பக்கம் திரும்பி, "பெத்த பிள்ளகிட்ட ஏன் பொய் சொல்லுதீங்க?"

படத்துப் பாடத்தை ஒப்பித்தேன். மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"எப்பா, இங்க எப்பவுமே இந்தக் கலர்தான். உங்க கணக்குப்படி எங்க சமையக்காரர்கூட மிஞ்சமாட்டாரு." பிறகு சிரிப்பு அடங்கியது. "ஊரு காஞ்சிட்டுன்னு நான்தான் கவலப்பட்டுக் கெடந்தேன். சன்னலத் திறங்க."

திறந்தேன். போனை வெளியே நீட்டினேன். தென்னை, எதிர்வீட்டு மாடி, மலை, எல்லாம் சாம்பல். போன் மேல் பொட்டுப் பொட்டாகத் தூறல் விழுந்தது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று திருப்பப் போனேன்.

"அப்டியே பிடிங்கப்பா," என்றான்.

கை கடுத்தது. மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்தேன்.