ஜனவரி முதல் தேதி மழை

எனக்குக் கிடைத்த முதல் வேலை மழையை நகல் எடுக்கிற வேலை. எண்பதுகளின் தொடக்கம். எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டு நாலு வருஷம் காத்திருந்த பிறகு, ஒரு தாலுகா அலுவலகத்தில் தற்காலிக எழுத்தராகப் போட்டார்கள். எந்தத் தாலுகா என்று சொல்ல மாட்டேன். வெண்ணந்தூரில் ஏறினால் ஒரே பஸ்ஸில் போய் இறங்கலாம், அவ்வளவு போதும். எங்கள் பக்கம் அப்போது மழை பொய்த்து மூன்றாவது வருஷம். கிணறுகளில் கடைசிப் படி வரை தெரிந்தது. எந்தக் காட்டைப் பார்த்தாலும் போர்க்கிணறு தோண்டும் ரிக் லாரி நின்று புழுதி கிளப்பிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என்ன வேலை என்று கேட்பார்கள், சொன்னால் சிரிப்பார்கள். பெய்யாத மழையை எழுத ஒரு பொம்பளைப் பிள்ளைக்குச் சம்பளமா என்று ஒருவர் கேட்டே விட்டார். பெய்த காலத்து மழையைத்தான் எழுதுகிறேன், உங்கள் வீட்டுச் சொத்தை ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை என்று சொன்னேன். எனக்கு வாய் நீளம். கோபமும் அப்படித்தான். அந்தக் கோபம் செய்த காரியத்தைத்தான் எழுதுகிறேன்.

தாலுகா அலுவலக வளாகத்தில் வேப்பமரத்துக்குத் தள்ளி ஒரு மழைமானி உண்டு. தினமும் காலை எட்டரைக்கு அதிலிருக்கும் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, அளவைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். வருஷத்துக்கு ஒரு ரிஜிஸ்டர். மெட்ராஸில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, பழைய மழைக் கணக்கு முழுவதையும் அதில் ஏற்றப்போகிறார்கள் என்று உத்தரவு வந்தது. நான் ஒவ்வொரு நாளின் அளவையும் கட்டம் போட்ட தாளில், கட்டத்துக்கு ஒரு எண்ணாக எழுதி அனுப்ப வேண்டும். அங்கே அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவார்களாம். ஓட்டையை மெஷின் படிக்குமாம். ஒரு தடவை ஏறிவிட்டால் கரையானும் அரிக்காது, கூரையும் ஒழுகாது என்று விளக்கம் சொல்ல வந்த அதிகாரி சொன்னார். எங்களில் யாரும் கம்ப்யூட்டரைப் பார்த்ததில்லை. நான் அதை ஒரு பெரிய இரும்பு பீரோ என்று நினைத்திருந்தேன்.

கரையான் என்று அவர் சொன்னது சும்மா இல்லை. ரெக்கார்டு ரூமைத் திறந்தால் பாதி ரிஜிஸ்டர்கள் மண்ணாகக் கிடந்தன. வெள்ளைக்காரன் காலத்து ஏடுகளைத் தொட்டால் வர்க்கி பிஸ்கட் மாதிரி நொறுங்கின. எடுக்க முடிந்தவற்றை வேப்பமர நிழலில் பரப்பி, தட்டி, மண்ணெண்ணெய்த் துணியால் அட்டையைத் துடைத்து, ஒட்டிக்கொண்ட தாள்களை மூங்கில் சிம்பால் பிரித்தோம். கையில் மண்ணெண்ணெய் வாடை போகவே போகாது. சாப்பாட்டில் அதே வாடை அடிக்கும். கடைசியில் முழுசாகத் தேறியவை இருபத்து நாலு ரிஜிஸ்டர். இருபத்து நாலும் ஒரே ஆள் எழுதியவை.

அந்த ஆள்தான் என்னோடு உட்கார்ந்து தாள் பிரித்தவர். எங்கள் அலுவலகத்தின் உதவியாளர். கதவைத் திறப்பது, தபால் கொடுப்பது, மழை அளப்பது எல்லாம் அவர் பாடு. ஜனவரிக் கடைசியில் அவருக்கு ரிட்டயர்மெண்ட். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அம்மிணி என்பார். தினமும் மதியம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, இப்போது எந்த வருஷத்தில் இருக்கிறேன் என்று கேட்பார். சொன்னால், அந்த வருஷம் ஐப்பசியில் ஏரி உடைந்தது, இந்த வருஷம் சித்திரையில் ஆலங்கட்டி விழுந்து ஆடு செத்தது என்று சொல்வார். தான் எழுதியது மெட்ராஸுக்குப் போய் மெஷினில் ஏறப்போகிறது என்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். தன் ஒரு வருஷத்துக்கு எத்தனை ஓட்டை விழும் என்று ஒரு நாள் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, ஆயிரக்கணக்கில் என்று அடித்துவிட்டேன். அதைக் கேட்டு அன்று பூராவும் சிரித்த முகமாக இருந்தார்.

ஒரு கார்த்திகை மாதப் பக்கத்தில் மை கலைந்திருந்தது. எண் தெரியவில்லை என்று அவரிடம் காட்டினேன். வாங்கி, மை கலைந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு சொன்னார்.

“அன்னைக்கு ஊட்டுல சம்சாரத்தைக் கிடத்திப் போட்டுட்டு வந்தேனுங்க. ராப்பூரா மழை. அளக்காம உட்டா அந்த நாள் போச்சுங்களே.”

அளந்து எழுதிவிட்டுத் திரும்பிப் போன பிறகுதான் உடலை எடுத்திருக்கிறார்கள். மாமனார் வீட்டு ஆட்கள் அதற்காக ரெண்டு வருஷம் அவரோடு பேசவில்லையாம். கலைந்த எண்ணை அவர் யோசிக்காமல் சொன்னார். நான் கட்டத்தில் எழுதினேன். அன்று எனக்கு அவர் மேல் வந்த மரியாதை வேறு யார் மேலும் வந்ததில்லை.

அந்த மரியாதைதான் வினையாயிற்று. ஐந்தாவது மாதம், தாள்களை அனுப்புமுன் வருஷ வாரியாக அடுக்கிச் சரிபார்த்தேன். ஒவ்வொரு வருஷத்தின் முதல் தாளிலும் முதல் கட்டத்தில் ஒரே எண். இரண்டு மில்லிமீட்டர். இருபத்து நாலு வருஷமும் ஜனவரி முதல் தேதி இரண்டு மில்லிமீட்டர் மழை. எங்கள் ஊரில் ஜனவரி என்றால் பனி, களத்தில் சோளக்கதிர், கார்மேகம் கிடையாது. ரிஜிஸ்டர்களை வரிசையாகத் திறந்து போட்டேன். எல்லா முதல் பக்கத்திலும் மூலையில் மஞ்சள், மேலே பிள்ளையார் சுழி, கீழே 2.0.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் ஒளிக்கவே இல்லை. கடைக்காரர் புதுக் கணக்கு போட்டால் முதல் வரியை வரவாகத்தான் எழுதுவார், நானும் அப்படித்தான் எழுதினேன் என்றார்.

“வருசத்தோட மொதோ வரியில மழை இல்லைன்னு எழுதுனா, வருசம் பூராவும் இல்லாமப் போயிருமுங்க. அந்தப் பாவம் நம்ம கையில எதுக்குங்க?”

நான் கத்தினேன். ஐந்து மாதம் மண்ணெண்ணெயில் கை நாறியது இதற்குத்தானா, இது அரசாங்க ரிஜிஸ்டரா இல்லை பூஜைப் புத்தகமா என்று கேட்டேன். ஹெட்கிளார்க் எட்டிப் பார்த்தார். இந்த மூன்று வருஷமும் பொய்தானே எழுதினீர்கள், மழை வந்ததா என்று அண்ணாவிடமே கேட்டேன். அது கேட்டிருக்கக் கூடாத கேள்வி. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அந்த ஒரு வரிய மட்டும் நீங்களே அழிச்சுப் போட்டுருங்க அம்மிணி. மத்ததெல்லாம் சத்தியமுங்க.”

அழித்திருக்கலாம். இருபத்து நாலு கட்டத்தில் சைபர் போட எனக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் என் கோபம் தணியவில்லை. உள்ளதை உள்ளபடி நகலெடு என்பதுதான் உத்தரவு என்று சொல்லிவிட்டு, குறிப்பு எழுதும் இடத்தில் அழகான இங்கிலீஷில் விஷயத்தை எழுதினேன். முதல் தேதியை மட்டும் தள்ளிவிட்டு மற்றதை ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நேர்மையான பெண் என்று ஒரு வார்த்தை சொல்வார்கள் என்றும் நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுவும் மனசில் இருந்தது.

ஆறு வாரத்தில் கட்டு திரும்பி வந்தது. மேலே ஒரு கடிதம். பதிவு செய்தவர் கற்பனையாக எழுதும் பழக்கமுள்ளவர் என்று தெரிவதால் அந்த இருபத்து நாலு ஆண்டுப் பதிவுகளும் ஏற்கத் தக்கவையல்ல. ஒரு அட்டையில்கூட ஓட்டை விழவில்லை. நான் ரெண்டு கடிதம் எழுதினேன். பொய் ஒரு நாள்தான், மற்ற நாளெல்லாம் உண்மை, மனைவி செத்த அன்றுகூட அளந்தவர் என்றெல்லாம் எழுதினேன். பதில் வரவில்லை. உபயோகமில்லாததை வைத்துக் கரையான் வளர்ப்பானேன் என்று ஹெட்கிளார்க் டிசம்பரில் அறையைக் காலி செய்தார். பழைய பேப்பர் வியாபாரியின் வண்டியில் ரிஜிஸ்டர்களைத் தூக்கி வைத்ததும் அவர்தான், அந்த உதவியாளர். அது அவருடைய வேலை. கயிற்றை இறுக்கிக் கட்டினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மறுநாளும் மதியம் டீ கொண்டுவந்து வைத்தார், எந்த வருஷம் என்று மட்டும் கேட்கவில்லை.

டிசம்பர் முப்பத்தொன்றோடு என் வேலை முடிந்தது. மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் மறுபடி போனேன். எட்டரைக்கு அவர் நிச்சயம் அங்கே இருப்பார், மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம் என்று போனேன். பஸ் பாதி வழியில் வரும்போதே கண்ணாடியில் தூறல் விழுந்தது. மூன்று வருஷமாகப் பார்க்காத மழை. பஸ்ஸில் இருந்தவர்கள் கையை வெளியே நீட்டி நனைத்துக்கொண்டார்கள். இறங்கும்போது நின்றுவிட்டது, ஆனால் மண் நனைந்து வாசம் கிளம்பியிருந்தது.

அவர் மழைமானியின் பக்கத்தில் குந்தியிருந்தார். உள்ளேயிருந்து பாட்டிலை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றினார். நானும் குனிந்து பார்த்தேன். தண்ணீர் மூன்று மில்லிமீட்டர் கோட்டைத் தாண்டி நின்றது. அவர் அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு வேப்பமரத்தடியில் ஊற்றினார். புது ரிஜிஸ்டரைத் திறந்தார். மஞ்சள் இல்லை, பிள்ளையார் சுழி இல்லை. முதல் வரியில் 0.0 என்று எழுதினார்.

அண்ணா, பெய்திருக்கிறதே என்றேன். கேட்க வந்த மன்னிப்பை அப்போதும் கேட்கவில்லை.

“எழுதுனா யாருங்க அம்மிணி நம்புவாங்க?”

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். குடுவையை வேட்டி நுனியால் துடைத்து டப்பாவில் வைத்தார். பிறகு ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலுவலகத்துக்குள் போனார்.