மாமா கடைசியாக வந்த பந்தயம்

எனக்குத் தோற்கப் பிடிக்காது. சின்ன வயதிலும் பிடிக்காது, இத்தனை வருடம் பந்தயக் கார் ஓட்டிய பிறகும் பிடிக்கவில்லை. நான் இரண்டாவதாக வந்த நாட்களில் வீட்டில் ஒருவரும் என்னோடு கதைக்க மாட்டார்கள். கணவர் தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டு மெல்ல நழுவிவிடுவார். பேட்டி எடுக்க வருகிற டெனிஷ் பிள்ளைகள், ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இந்தப் பந்தய விசர் எங்கிருந்து பிடித்தது என்று தவறாமல் கேட்பார்கள். என் மாமாவிடமிருந்து என்பேன். அவர் எத்தனை பந்தயம் வென்றார் என்பார்கள். ஓடியது ஒன்று, அதிலும் கடைசி என்பேன். அதோடு பேட்டி கொஞ்சம் தடுமாறிப்போகும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நாங்கள் அப்போது டென்மார்க்கில், விபோர்க் நகரில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. மாமா எங்களோடு தங்கி, ஒரு தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவருக்கு அகதி உரிமை கிடைத்திருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்த மாமியைக் கூப்பிட விண்ணப்பமும் போட்டிருந்தார். சட்டப்படி மாமி வரலாம். பதில்தான் வரவில்லை. அவருக்கு மட்டுமல்ல, அந்த வருடங்களில் எங்கள் சனத்தில் எத்தனையோ பேருக்கு வரவில்லை. விண்ணப்பங்களை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. அதற்காக ஒரு அரசாங்கமே பதவி விலகியது. அப்போது எங்களுக்கு என்ன தெரியும்? மாமா வேலையால் வந்ததும் கதவடியில் கிடக்கும் தபால்களைக் கிளறிப் பார்ப்பார். பிறகு சாப்பிட உட்காருவார்.

அந்தக் காலத்தில்தான் தொழிற்சாலை நண்பர் ஒருவர் அவருக்குப் பந்தயத்தைக் காட்டினார். ஊருக்கு வெளியே ஒரு கிரவல் பாதை. கழித்துவிட்ட பழைய கார்களைப் பூட்டித் திருத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடுவார்கள். மாமாவுக்குச் சொல்லவா வேண்டும்! பருத்தித்துறை வீதியில் மினிபஸ் ஓடியவர் அவர். அடுத்த தரிப்பில் நிற்கிற சனத்தை மற்ற பஸ்காரனுக்கு முந்தி ஏற்றவேண்டும் என்று ஓடிப் பழகிய கை.

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவள் அங்க குண்டுக்கும் செல்லடிக்கும் நடுவில கிடக்கிறாள். உனக்கு இஞ்ச கார் ஓட்டம் கேக்குதோ?"

"ஓம் அக்கா, கேக்குது," என்றார் மாமா.

மற்றவர்களுடைய கார்க் கதவுகளில் இறைச்சிக்கடை, டயர்க்கடை என்று உதவி செய்த கடைகளின் பெயர்கள் இருந்தன. மாமாவின் கதவு வெறுமையாகக் கிடந்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, இரண்டு வசனங்களை டெனிஷில் எழுதித் தரச் சொன்னார். 'என் மனைவி யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள். மூன்று வருடமாக அவளின் விசாவுக்குக் காத்திருக்கிறேன்.' வீட்டில் எனக்குத்தான் டெனிஷ் நன்றாகத் தெரியும் என்ற பெருமை எனக்கு. பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

"மாமா, எல்லாரும் கடைப் பேர்தான் போடுறவை."

"எனக்கு எங்க பிள்ளை கடை?" என்றுவிட்டு, இரண்டு கதவுகளிலும் வெள்ளைப் பெயிண்டால் பெரிதாக எழுதினார்.

நான் வகுப்பில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. என் மாமாதான் முதலாவதாக வருவார் என்று எல்லோரிடமும் அளந்துவிட்டேன். பந்தயத்தன்று, அதை நம்பி நாலைந்து பிள்ளைகள் தகப்பன்மாரையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

திட்டித் தீர்த்த அம்மாவே அன்று எலுமிச்சம்பழத்தோடு வந்துவிட்டார். நான்கு சக்கரத்துக்கும் பழம் வைத்தார். யார் தடுத்தும் கேளாமல் காருக்கு முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தினார். பெற்றோல் காருக்குப் பக்கத்தில் நெருப்பைக் கண்டால் அவர்கள் விடுவார்களா? இரண்டு பேர் தீயணைக்கும் குழாயோடு ஓடிவந்து, கற்பூரம், பழம், அம்மாவின் சேலைத் தலைப்பு எல்லாவற்றையும் நுரையால் மூடிவிட்டார்கள். அம்மா அசையவில்லை. நுரைக்குள் நின்றபடியே மாமாவுக்குத் திருநீறு பூசிவிட்டார்.

காலையில் நடந்த பரீட்சார்த்த ஓட்டத்தில் மாமாவை ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. வளைவுகளில் காரை அவர் வெட்டித் திருப்பியதைப் பார்த்து என் வகுப்புப் பையன்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பந்தயம் தொடங்கியது. முதல் வளைவுவரை மாமாதான் முன்னால். பிறகு ஓரமாக ஒதுங்கினார். ஒருவர் போனார், இன்னொருவர் போனார், எல்லோரும் போனார்கள். மாமா மினிபஸ்ஸில் சனம் ஏற்றப் போகிறவர் மாதிரி, பார்வையாளர்கள் நின்ற மேட்டை ஒட்டி ஊர்ந்துகொண்டு வந்தார். அடுத்த சுற்றிலும் அப்படியே. நான் தொண்டை கிழியக் கத்தினேன். "ஓடுங்கோ மாமா! ஓடுங்கோ!" அவருக்குக் கேட்டது என்று நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். அவமானத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒலிபெருக்கியில் பேசியவர் முதலில் பகிடி விட்டார். இந்தக் கார் கடைக்குப் பால் வாங்கப் போகிறதா என்று கேட்டார், சனம் சிரித்தது. மாமா மறுபடியும் வந்தபோது அவர் பகிடியை நிறுத்திவிட்டு, கதவில் இருந்ததை உரக்க வாசித்தார். நான் எழுதிக் கொடுத்த அதே இரண்டு வசனங்கள். மேட்டில் சிரிப்பு அடங்கிப்போனது. கடைசிச் சுற்றில் சிலர் கைதட்டினார்கள். எனக்கு அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. தோற்றவனுக்கு எதற்குக் கைதட்டு?

இப்போது என் கார்க் கதவிலும் கம்பனிப் பெயர்கள் இருக்கின்றன. அவர்கள் என்னிடம் ஓயாமல் சொல்வது, வென்றால் மட்டும் போதாது, கதவு எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்பதுதான். தூசியைக் கிளப்பிக்கொண்டு முன்னால் பறக்கிற காரில் ஒரு எழுத்தையும் வாசிக்க முடியாது. மாமி கடைசியில் வந்து சேர்ந்தா. அது இந்தப் பந்தயத்தால் அல்ல, நாடு முழுக்க எழும்பிய சத்தத்தால். இப்போது இருவரும் வைலே நகரில் இருக்கிறார்கள். என் பந்தயங்களுக்கு மாமி சுடச்சுடப் பொரித்த பற்றிசோடு வருவா. முந்தச் சொல்லி என்னைவிடப் பெரிதாகக் கத்துவதும் அவதான்.

ஆனால் அன்று, காரை விட்டு இறங்கிய மாமாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். முன்பின் தெரியாத டெனிஷ்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். தோற்றதற்கு ஆறுதல் சொல்கிறார்கள் என்று நினைத்து நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நரைத்த தலையோடு ஒரு பெண்மணி என்னிடம் குனிந்து, இவ்வளவு நன்றாக ஓடத் தெரிந்தவர் ஏன் இப்படி மெதுவாக ஓடினார் என்று அவரிடம் கேட்கச் சொன்னார்.

"என்னவாம் பிள்ளை?" என்றார் மாமா.

"ஏன் கடைசியா வந்தனீங்கள் எண்டு கேக்கிறா," என்றேன், வெடுக்கென்று.

மாமா சிரித்தார். "மெல்லமா ஓடினாத்தானே சனம் வாசிக்கலாம். சொல்லு."

தோற்றவர்கள் சொல்லுகிற நொண்டிச் சாட்டு என்று நினைத்து, எனக்கு வெட்கமாக இருந்தாலும் அப்படியே டெனிஷில் சொன்னேன். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. என்னைக் கட்டி அணைத்தார். பாவம், அவ்வளவு பெரிய மனுசி இப்படி ஒரு சாட்டைப் போய் நம்பிவிட்டாரே என்று நான் நினைத்துக்கொண்டேன்.