அவரு பேரைச் சொன்னவ

பேயி பிசாசுன்னு எவளாச்சும் ஆரம்பிச்சா நான் எழுந்து போயிடுவேன் டீச்சர். எங்க மாமியார் வேப்பிலை அடிக்கக் கூட்டியாந்த பூசாரிய வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்பினவ நான். நீங்க எங்க மாடிக்குக் குடிவந்து இத்தனை நாளாச்சு, நான் ஏதாச்சும் கதை அளந்து பார்த்திருக்கீங்களா? பள்ளிக்கூடத்துல சயின்ஸ் சொல்லிக் குடுக்குறவங்க நீங்க, சிரிச்சாலும் சிரிப்பீங்க, சிரிச்சுக்குங்க. ஆனா உங்களுக்குப் பேசி வச்சிருக்குற மாப்பிள்ளை மேல்படிப்புக்குச் சீமைக்குப் போறாருன்னு சொன்னீங்க பாருங்க, அன்னையிலேர்ந்து எனக்கு இதச் சொல்லாம இருக்க முடியல.

எங்க வூட்டுக்காரரும் சீமையில படிச்சவருதான். அவரு பேரு என்னன்னு கேட்டீங்கன்னா, பழனி மலையில நிக்கிறாரே அந்தச் சாமி பேரு, நீங்களே புரிஞ்சுக்குங்க. எங்க காலத்துல புருஷன் பேர வாயால சொல்ல மாட்டோம். உலகச் சண்டை முடிஞ்ச மறு வருஷம் லண்டனுக்குக் கப்பல் ஏறினாரு. எதுக்கு? கல்லப் பத்திப் படிக்க. இங்க அரியலூரச் சுத்தி கொல்லையில ஏர் ஓட்டினா சங்கு மாதிரி சுருண்டு சுருண்டு கல்லு கெளம்பும்ல, ஒரு காலத்துல இங்க கடல் கெடந்துச்சாம், அந்தக் கல்லப் படிக்க அங்க காலேஜ் இருக்காம். ஊரே வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுது. நான் சிரிக்கல. எனக்குப் பொறாமை. நான் பொறந்தது ஜெயங்கொண்டம், கட்டிக்குடுத்தது அரியலூரு, அங்கிட்டு பெரம்பலூரு, அதோட என் உலகம் முடிஞ்சுது, இந்த மனுஷன் மட்டும் கடலத் தாண்டிப் போறாரேன்னு இருந்துச்சு.

கப்பல் ஏறின அந்த வருஷக் கடைசியில ஒரு போட்டோ அனுப்பினாரு. காலேஜ் பசங்க பத்துப் பேரு வரிசையா நிக்கிறாங்க, அவரு பக்கத்துல ஒரு வெள்ளக்காரச்சி. நின்னுட்டுப் போறா, எனக்கென்ன. ஆனா அவ தோள்ல கெடந்தது எங்கப்பா இவருக்குக் குளிருமேன்னு திருச்சியில தேடி வாங்கிக் குடுத்த கம்பளிச் சால்வ. கரை பாத்தாலே எனக்குத் தெரியாதா? அவ அழகா வேற இருந்தா, அதையும் சொல்லித்தான் ஆகணும். அவரு அங்கயே அவளோட தங்கிட்டாருன்னா நான் பத்தொம்பது வயசுல வாழாவெட்டி. திரும்பிப் போனா எங்கப்பா உயிர விட்டுடுவாரு, இங்கயே இருந்தா மாமியாருக்கு வேலைக்காரி. வேற வழியே கெடையாது.

போட்டோ வந்து சேந்தப்ப மாசி மாசம். அன்னைக்குப் போயி காமரா உள்ளுல, அதான் படுக்குற ரூம்ல, பாயப் போட்டுச் சுவத்தப் பாத்துப் படுத்தவதான், ஒரு வாரம் எந்திரிக்கலயாம். சோறு இல்ல, தண்ணி இல்ல, கூப்பிட்டாப் பேச்சு இல்ல, கண்ணு மட்டும் தொறந்திருந்துச்சாம். சத்தியமா சொல்றேன், எனக்கு அந்த வாரம் நெனப்புலயே இல்ல. கால் ரெண்டும் விட்டுப்போற மாதிரி குளிருனது மட்டும்தான் நெனப்பு. மாசி வெயில்ல குளிருமா, நீங்களே சொல்லுங்க. எந்திரிச்சுப் பாத்தா பாதம் நீலம் பூத்து, வெரலெல்லாம் வெடிச்சு ரத்தம் கட்டியிருக்கு. வண்டி கட்டிப் பெரம்பலூரு கொண்டு போனாங்க. அங்க ஒரு டாக்டரு, பட்டாளத்துல இருந்துட்டு வந்தவரு, பாத்துட்டு எங்க மாமனார வெளிய கூப்பிட்டு, "இந்தப் பொண்ணு பனிக்கட்டி மேல வெறுங்காலோட எங்க நடந்துச்சு"ன்னு கேட்டாராம். மருந்து தடவித் தடவி ஆறிப்போச்சு, நானும் மறந்துட்டேன்.

படிப்ப முடிச்சுட்டு அவரு வந்தாரு. தனியாத்தான் வந்தாரு. எனக்கு உசுரே திரும்பி வந்துச்சு. ஆனா வந்ததுலேர்ந்து என்னை உத்து உத்துப் பாப்பாரு. ஒரு நாள் மத்தியானம் சோறு போடுறேன், எலையில கை வச்சவரு சோத்தப் பிசையாம, "மாசி மாசம் ஒரு வாரம் நீ எங்க இருந்த"ன்னாரு. படுத்துக் கெடந்ததை யாருமே அவருக்கு எழுதல, பயந்துடுவாருன்னு மாமனார் வேண்டாமுன்னுட்டாரு.

அப்புறம் அவரே சொன்னாரு. திங்கக்கெழம காலேஜ் விட்டுப் போறாரு, தங்கியிருந்த வூட்டுக் கெழவி வாசல்லயே நிறுத்தி, உன் ரூம்ல ஒரு பொம்பள உக்காந்திருக்கான்னு சத்தம் போட்டாளாம். மேல ஏறிப் பாத்தா பெட்டி மேல நான். சேல கட்டி, மெட்டி போட்டு, மூஞ்சியில மஞ்சப் பூசி. பேச்சு மூச்சு இல்ல. மறுநாள் தெருவெல்லாம் பனி கொட்டிக் கெடக்கு, இவரு பூட்ஸ் போட்டு நடக்குறாரு, பின்னால அந்தப் பொம்பள வெறுங்காலோட வர்றாளாம். காலேஜ்ல கடைசி பெஞ்சுல உக்காந்து இவரையே பாத்துக்கிட்டு இருந்தாளாம். அப்புறம் வியாழனோ வெள்ளியோ, அந்த வெள்ளக்காரச்சி டீ குடிக்க வந்திருக்கா. அவகிட்ட இவரு கல்யாணமே ஆகலன்னு சொல்லி வச்சிருந்தாராம், அதையும் என் மூஞ்சியப் பாத்தே சொன்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்கையில மூலையிலேர்ந்து இவரு பேரச் சொல்லி ஒரு பொம்பளக் குரல் கூப்பிட்டுச்சாம். வெள்ளக்காரச்சிக்கும் கேட்டிருக்கு. யாரு அதுன்னு கேட்டிருக்கா, இவரு என் பொஞ்சாதின்னுட்டாராம். கோட்ட எடுத்துக்கிட்டுப் போனவதான், அதுக்கப்புறம் இவரு பக்கமே வரல.

சனிக்கெழம இவரு காலேஜ் போகல. நாள் பூரா ரூம்லயே அந்தச் சேல கட்டினவகிட்ட உக்காந்து பேசினாராம். பாடம் ஒண்ணுமே புரியல, பஸ்ஸுல பக்கத்துல எவனும் உக்கார மாட்டேங்குறான், ரொட்டியத் தின்னுத் தின்னு வயிறு காயுது, ஓடி வந்துடலாமான்னு இருக்குன்னு எல்லாத்தையும். ஒரு கடுதாசியிலகூட இதுல ஒரு வரி எனக்கு எழுதினதில்ல டீச்சர். அவ இவரு தலையத் தடவிக் குடுத்தாளாம், பேரச் சொல்லிச் சொல்லித் தேத்துனாளாம். ஞாயித்துக்கெழம பாத்தா அவ இல்லையாம்.

நான் காலக் காட்டினேன், பெரம்பலூரு டாக்டரு கேட்டதச் சொன்னேன். அவரு ரொம்ப நேரம் பாதத்தையே பாத்தாரு. அப்புறம், "அது நீதான்னா எங்க, என் பேரச் சொல்லு"ன்னாரு. வாயத் தொறந்தேன். மாமியார் முற்றத்துல இருக்காங்க, வெக்கம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம், நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. வரவே இல்ல. "அப்ப நீ இல்ல"ன்னு சொல்லிட்டுக் கை கழுவப் போயிட்டாரு. அப்புறம் எத்தனையோ தடவ கதவச் சாத்திக்கிட்டுத் தனியா சொல்லிப் பாத்திருக்கேன், இன்னை வரைக்கும் வரல.

நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. எனக்கு வயித்தெரிச்சல் அது இல்ல. போனது நான்னா, அந்த ஒரு வாரம் எனக்கில்ல இருக்கணும்? அவரு மனசு விட்டுப் பேசினது மொத்தமே அந்த ஒரு நாள்தான், அத எவளோ வாங்கிட்டுப் போயிட்டா. வெள்ளக்காரச்சியா இருந்தா முடியப் புடிச்சு இழுத்திருப்பேன். இவள நான் எங்க போயித் தேட?

இப்ப அவரு ரிடையர் ஆயி வூட்டோட இருக்காரு. சாயங்காலம் ஹால்ல சாய்வு நாற்காலியில உக்காந்துக்கிட்டு ரெண்டு காப்பி கேப்பாரு. நான் போட்டுக் குடுத்துட்டு அடுப்படிக்கு வந்துடுவேன். மெதுவாப் பேசுற சத்தம் கேக்கும், நடுநடுவுல சிரிப்பாரு, என்கிட்ட அப்படி ஒரு நாளும் சிரிச்சதில்ல. அவரே ரெண்டையும் குடிக்கிறாருன்னு நீங்க சொல்லுவீங்க. அவரு அண்ணாந்துதான் குடிப்பாரு, டம்ளர்ல வாய் படாது. ரெண்டாவது டம்ளரு ஓரத்துல மட்டும் மஞ்சக் கறை இருக்கும். நான் மஞ்சப் பூசுறத விட்டு எவ்வளவோ காலமாச்சு, சோப்புதான். சாம்பலப் போட்டுத் தேச்சுக் கழுவி வைக்கிறேன். எனக்குத் தலையெல்லாம் நரைச்சுப் போச்சு டீச்சர், அவளுக்கு இன்னும் பத்தொம்பது வயசு.