மெக்கானிக்கின் ரத்தம்

தெருவில் அவளுக்குக் கொசு டாக்டர் என்று பெயர். அவளுடைய ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு கொசுகூடக் கிடையாது. அவள் மல்லுக்கட்டுவதெல்லாம் மலேரியா ஒட்டுண்ணியோடு; அது வளர்வது மனித ரத்தத்தில். இதை எடுத்துச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், எந்தக் கொசுவத்தி நல்லது என்று கேட்டு வருகிறவர்களுக்கு இப்போதெல்லாம் பதிலும் சொல்லி அனுப்பிவிடுகிறாள்.

படித்தது தாவரவியல். காலியிடம் இருந்தது மலேரியாப் பிரிவில். அப்படித்தான் உள்ளே போனாள், பெரிய லட்சியக் கதையெல்லாம் இல்லை. ஒட்டுண்ணி இருக்கிறதே, அது கைக்குழந்தையைவிடப் படுத்தும். குடுவையில் சூடு குறையாமல் வைத்துப் புது ரத்தம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றெல்லாம் அதற்குத் தெரியாது. கல்யாணமான வாரமே, "பசங்களுக்குப் பசிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவளைப் பார்த்து மாமியார் ஆடிப்போய்விட்டார்.

அத்தனை ரத்தத்துக்கு எங்கே போவது? அங்கேதான் கணவர் கைகொடுத்தார். ஃபிரிட்ஜ் மெக்கானிக், ஓ பாசிட்டிவ். மற்றவர்கள் ரத்தத்தில் சோம்பிக் கிடந்த ஒட்டுண்ணி அவர் ரத்தத்தில் கொழுகொழுவென்று வளர்ந்தது. அதில் மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை. மாதம் ஒரு தடவை இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து கையை நீட்டுவார். பிறகு இருவரும் கேன்டீனில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். நாட்டின் மலேரியா ஆராய்ச்சியே தன் ரத்தத்தில்தான் ஓடுகிறது என்று பக்கத்துக் கடைக்காரர்களிடம் சொல்லிக்கொள்வார்.

அவள் தேடியது ஒரு மருந்து. வருடக்கணக்காக எத்தனையோ பொடிகளைக் கரைத்து ஊற்றிப் பார்த்தாள். ஒட்டுண்ணி அத்தனையையும் குடித்து ஏப்பம் விட்டது. இந்த வருடமும் ஒன்றும் தேறாவிட்டால் பிரிவை மூடிவிட்டு அவளை நூலகத்தில் உட்கார வைத்துவிடுவதாக டைரக்டர் சொல்லிவிட்டார். கடைசியாகப் போட்ட மருந்து வேலை செய்தது. அது இருந்த குடுவையில் ஒட்டுண்ணி பூண்டோடு அழிந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த மருந்தில்லாத குடுவையில் செழித்திருந்தது. டைரக்டர் தானே வந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, மேலிடத்து ஆட்களை அழைத்துக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்.

அதற்குள் மருந்தைப் பாதியாக்கிப் பார்த்தாள். செத்தது. இன்னும் குறைத்தாள். செத்தது. வாசனை காட்டினாலே செத்துவிடும் போலிருந்தது. அப்போதுதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. மருந்தே இல்லாமல் புது ரத்தத்தை மட்டும் ஊற்றி வைத்தாள். அதிலும் செத்துக் கிடந்தது. முதலில் செழித்திருந்த குடுவைக்கு ஊற்றியது போன மாதத்து மிச்ச ரத்தம். மருந்துக் குடுவைக்குப் புதியது. இரண்டுக்கும் ஒரே ரத்தம் ஊற்ற வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அவசரத்தில் கோட்டைவிட்டிருந்தாள்.

புது ரத்தம் யாருடையது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

வீட்டுக்கு வந்து கேட்டாள். கொஞ்ச நேரம் மழுப்பிவிட்டு, அவர் ஸ்பேனர் பெட்டியின் அடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். விரல் மூட்டுகளில் வலி, ரொம்ப நாளாகவே. தாங்க முடியாமல், போன மாதம் ரத்தம் கொடுத்த பிறகுதான் மாத்திரை ஆரம்பித்தாராம். அவள் அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தாள். மூட்டுவலிக்கும் கொடுப்பார்கள்தான், ஆனால் மலேரியாவுக்கென்று வந்த மருந்து அது.

"வலிக்குதுன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா ரத்தம் எடுக்க மாட்டே. அப்புறம் என்ன சாக்கு வெச்சு நான் அங்க வர்றது? வீட்ல உன்னை எங்க பாக்க முடியுது?"

அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். அவர் குக்கரை இறக்கிவைத்தார்.

மறுநாள் கூட்டத்தில் எழுந்து, மருந்து வேலை செய்யவில்லை, கொன்றது ரத்தத்தில் இருந்த மாத்திரை என்று சொல்லிவிட்டாள். மேலிடத்து ஆட்கள் பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டார்கள். டைரக்டருக்கு முகம் தொங்கிப்போனது. ஆனாலும் மனிதர் அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தார். ரத்தம் கொடுத்தவர் மறைத்துவிட்டார் என்று அறிக்கையில் போட்டுவிட்டால் பிரிவு தப்பித்துவிடும், இன்னொரு வருடம் கேட்டு வாங்கலாம் என்றார்.

"யாரா இருந்தாலும், மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களான்னு கேட்டுட்டுத்தானேம்மா ஊசி போடுவீங்க? கேட்டீங்க, அவர் இல்லைன்னுட்டார். அவ்வளவுதானே?"

தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"எல்லாரையும் கேப்பேன் சார்," என்றாள். "அவர்கிட்ட மட்டும் கேட்டதே இல்ல."